கலரை எண்ணாதீர்கள், ஒயரைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடை வாசலெல்லாம் ஸ்டாரும் சீரியல் செட்டுமாகத் தொங்கும். இப்போது எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் 'ஸ்மார்ட்', 'மேஜிக்', 'ஆப் கண்ட்ரோல்', '16 மில்லியன் கலர்' என்றுதான் போட்டிருக்கிறது. அந்த 16 மில்லியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, ஒவ்வொரு பல்பும் தனித்தனியா கலர் மாறுமா, இல்ல மொத்தமும் ஒண்ணாத்தான் மாறுமா?" ஆப் இருக்கிறது என்பதற்காக மட்டும் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

சாதாரண 230 வோல்ட் சீரியல் செட்டில் எட்டு மோடு பட்டன் வைத்த ஒரு குட்டி டப்பா இருக்கும். பல்புகளை இரண்டோ நான்கோ வரிசையாகப் பிரித்து, மாற்றி மாற்றி கரண்ட் கொடுப்பதால் விளக்கு ஓடுவது போலத் தெரிகிறது. நம் இஷ்டத்துக்கு அதில் எதையும் மாற்ற முடியாது. ஆனாலும் பால்கனிக்கும் குடிலுக்கும் இது போதும், கேவலமாக நினைக்க வேண்டாம்.

ஏமாற்றம் வருவது அடுத்த ரகத்தில்தான். 12 வோல்ட் ஆர்ஜிபி ரோல், ரிமோட்டோடும் வரும், ஆப்போடும் வரும். நான்கு ஒயர்: ஒன்று பிளஸ், மற்ற மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு. எந்தக் கலர் வைத்தாலும் ரோல் முழுக்க அதே கலர்தான். ஃபால்ஸ் சீலிங் ஓரத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் இதில் வானவில் ஓட வேண்டும் என்றால் ஓடாது. இதைத்தான் பலரும் 'புரோகிராம் பண்ணலாம்' என்று நம்பி வாங்கி வருகிறார்கள்.

நிஜமாகவே புரோகிராம் செய்ய முடிவது பிக்சல் எல்இடி. சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படிக்கு மண்டகப்படி அம்மன், மயில், யானை எல்லாம் அசைகிற மாதிரி போர்டு வைக்கிறார்களே, அதே சரக்குதான். போர்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், 12 மில்லிமீட்டர் ஓட்டை ஓட்டையாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு செருகியிருப்பார்கள். லைட் செட்காரர்கள் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, எஸ்டி கார்டில் ஏற்றி, டி-1000எஸ் மாதிரி ஒரு கண்ட்ரோலரில் சொருகிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இதில் பெரும்பாலும் மூன்று ஒயர்: பவர், கிரவுண்ட், டேட்டா. பல்புக்கு ஒன்றோ, மூன்று பல்புக்கு ஒன்றோ சிப் உண்டு. பந்தியில் இலைக்கட்டைக் கொடுத்தால் ஒருவர் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளுவார் இல்லையா, அதே மாதிரி முதல் பல்பு தனக்கான 24 பிட் கலர் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்பும். அதனால்தான் பட்டையில் அம்புக்குறி போட்டிருக்கும், எதிர்ப்பக்கம் கொடுத்தால் எரியாது. நடுவில் ஒரு சிப் போய்விட்டால் அதற்கு அப்புறம் உள்ளவை எல்லாம் சொல்பேச்சு கேட்காது. டபிள்யூஎஸ்2815 என்ற சிப் ரகத்தில் இதற்காகவே இன்னொரு டேட்டா லைன் சேர்த்து நான்கு ஒயர் வரும், ஆகவே ஒயரை எண்ணினால் மட்டும் போதாது, பட்டையில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். ஆர், ஜி, பி என்று தனித்தனியாக இருந்தால் மொத்தமாக மாறுவது; டிஐ (DI) அல்லது டின் (DIN) என்று எழுதி அம்புக்குறி இருந்தால் பிக்சல்.

டபிள்யூஎஸ்2812பி ரகம் 5 வோல்ட், சிப் பல்புக்குள்ளேயே இருக்கும், ஒவ்வொன்றும் தனி. டபிள்யூஎஸ்2811 பட்டை பெரும்பாலும் 12 வோல்ட், மூன்று மூன்று பல்பாகச் சேர்ந்து மாறும். சின்ன ஸ்டாருக்கு முதலாவது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் நீளத்துக்கு இரண்டாவது என்று நான் சொல்வேன்.

சரி, பவருக்கு வருவோம். விளக்கில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், வீட்டுக் கரண்டை 5 அல்லது 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். 2812பி பல்பு ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும், 100 பல்பு என்றால் 6 ஆம்பியர். போன் சார்ஜர் எங்கே தாங்கும்? அப்புறம் நீளம் கூடக் கூட வோல்டேஜ் குறையும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும், சிவப்புக்கு 2 போதும் என்பதால் கடைசியில் வெள்ளை மங்கிச் செவ்வெளிச்சமாகத் தெரியும். உடனே 'டூப்ளிகேட் மால்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக இரண்டு ஒயர் இழுத்து மறுமுனையிலும் பவர் கொடுங்கள். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மழை படாத இடத்தில், பிள்ளைகள் கை எட்டாமல், மூடி போட்டு வையுங்கள். அதன் ஸ்க்ரூவில் இருப்பது வீட்டுக் கரண்ட். பட்டையை வெட்டினால், தண்ணீர் புகாத ஐபி65 ரகமாக இருந்தாலும், வெட்டிய முனையைச் சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள்.

கண்ட்ரோலருக்கு இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டி போர்டும் டபிள்யூலெட் (WLED) என்ற இலவச மென்பொருளும் போதும், வைஃபையில் போன் பிரவுசரிலேயே எல்லாம் மாற்றலாம். எவ்வளவு ஆம்பியர் வரை இழுக்கலாம் என்ற வரம்பையும் அதிலேயே போடலாம், போட்டே ஆக வேண்டும். பாட்டுக்கு ஆடவிட எக்ஸ்லைட்ஸ் (xLights) என்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் முதல் வருஷமே அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, வெட்டி வெட்டி மின்னுகிற எஃபெக்டை எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக ராத்திரி முழுக்க ஓட விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வேகத்தையும் வெளிச்சத்தையும் பாதி அளவுக்குக் கீழே வையுங்கள், அப்போதுதான் கலர் கலராகத் தெரியும்.

வாங்குவதாக இருந்தால் முதலில் ஐந்து மீட்டர் ரோல் ஒன்று மட்டும் வாங்குங்கள். சுவரில் ஆணி அடிக்கும் முன்னால் தரையில் பிரித்துப் போட்டு ஒரு ராத்திரி எரியவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸும் கனெக்டரும் சூடாகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்கு டவுன்ஹால் ரோடு போங்கள்.