பாயின்ட் இருந்தால் விமான டிக்கெட் இலவசமா?

"கிரெடிட் கார்டில் செலவழித்துச் சேர்த்த ரிவார்டு பாயின்ட் இருந்தால் விமானப் பயணம் முற்றிலும் இலவசம், காசு கொடுத்து டிக்கெட் எடுக்காதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நெல்லைப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

வண்ணார்பேட்டையில் சித்தப்பா போனை நீட்டி, "ஏல, சென்னைக்கு ஓசிதானாம்ல" என்றார். சேர்ந்தே பார்த்தோம். பாயின்டைக் கழித்த பிறகும் கடைசிப் பக்கத்தில் வரியும் விமான நிலையக் கட்டணமும் ரூபாயில் நின்றன. பல வங்கிகள் பாயின்டை மாற்றவே தனிக் கட்டணம் வாங்குகின்றன. அதற்கு 18% ஜிஎஸ்டி வேறு.

சரி, எப்போது லாபம்? டிக்கெட் விலையிலிருந்து கையில் கட்டும் பணத்தைக் கழித்து, மீதியைப் பாயின்டால் வகுங்கள். வாகைக்குளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) சென்னைக்கு டிக்கெட் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாயின்டில் எடுத்தால் 12,000 பாயின்டும் 800 ரூபாயும். 4,200-ஐ 12,000-ஆல் வகுத்தால் ஒரு பாயின்டுக்கு 35 காசு. அதே பாயின்டைக் கார்டு பில்லில் கழித்தால் 40 காசு கிடைக்குமென்றால், காசு கொடுத்து டிக்கெட் எடுப்பதே நல்லது. தீபாவளி நேரம், நெல்லை எக்ஸ்பிரஸில் இடமில்லை, விமானம் 11,000 ஆகிவிட்டது, கேட்கும் பாயின்ட் மட்டும் ஏறவில்லை என்றால் அதே பாயின்ட் 85 காசு பெறும். அப்போது தயங்காமல் பாயின்டைப் போடுங்கள்.

அப்புறம், பாயின்ட் காலாவதியாகும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது நெருங்கிவிட்டால் 35 காசும் லாபம்தான்.