மென்மையாகப் பேசியது குற்றமா?

நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சமூக வலைத்தளத்தில் வந்த ஒரு குழந்தையின் படத்துக்குக் கீழே, அவள் நிறத்தையும் இனத்தையும் சேர்த்து ஒருவர் எழுதிய வரியைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. நான் போட்ட பதில் இதுதான்: "வாசிக்கத் தெரிந்ததும் இந்தப் பிள்ளை இதைப் படிப்பாள். என்னையும் சின்ன வயதில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். இன்னும் வலிக்கிறது." இருபது நிமிடத்தில் அவர் கமெண்டை எடுத்துவிட்டார். எனக்குக் கிடைத்த பட்டம், 'இனவெறிக்கு வெண்சாமரம் வீசுகிறவள்'. கொடுத்தது நம் நண்பர்கள்.

நான் அவரை மன்னிக்கவில்லை. அந்த வரி அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தேன், போய்விட்டது. அவ்வளவுதான்.

"நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்கிறீர்கள். கேட்டிருக்கிறேன், வருடக்கணக்கில். அப்போதெல்லாம் அந்த ஆள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் கூட்டத்தைக் கூட்டி வருவார். ஒரு இடத்தில் இருந்த அசிங்கம் நூறு இடத்துக்குப் போகும்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ட்விட்டரில் இனவெறியோடு எழுதிய 1,350 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குக் கேலியாகவும், சிலருக்கு 'உன் வீட்டாரும் நண்பர்களும் இதைப் பார்ப்பார்கள்' என்ற எச்சரிக்கையாகவும், சிலருக்கு 'இது அந்த மக்களைப் புண்படுத்துகிறது' என்றும் பதில் போட்டார்கள். நான்கு வாரம் கவனித்ததில், கேலியும் எச்சரிக்கையும் சொல்லும்படி எதையும் மாற்றவில்லை. வலியைச் சொன்ன பதில்தான் பழைய பதிவுகளை நீக்கவைத்தது, புதியவற்றைக் குறைத்தது. சிறிய மாற்றம்தான். இருந்தாலும் மாற்றம்.

ஒன்பது வயதில் பள்ளி நடனத்துக்கு என் முகத்தில் பவுடரை அப்பினார்கள். கழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பல வருடம் கழித்து அவளிடம், அன்று ராத்திரி தோல் உரியும்வரை கழுத்தைத் தேய்த்ததைச் சொன்னேன். "நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டு அழுதாள். நான் எத்தனையோ முறை அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். வலித்தது என்று மட்டும் சொன்னதில்லை.

சரி, கொலை மிரட்டல் விடுகிறவனிடமும் இப்படிப் பேசுவாயா என்றால், மாட்டேன். அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

"அடிபட்டவளே காயத்தையும் திறந்து காட்ட வேண்டுமா?" என்று ஒரு தோழி கேட்டிருந்தாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் டேரில் டேவிஸ் என்ற கறுப்பின இசைக்கலைஞர் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களோடு பேசிப் பழகினார். அவர்களில் சிலர் அந்த அமைப்பின் அங்கியை அவரிடமே கொடுத்துவிட்டு விலகினார்கள். எல்லோரும் டேவிஸாக முடியாது. என்னாலும் முடியாது. நேற்று அந்தப் பதிலை எழுதிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அந்த வரி அங்கே கிடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எனக்குப் பாடம் எடுக்கிறவர்களில் எட்டுப் பேர் அந்தப் படத்துக்கு லைக் போட்டிருந்தீர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. 'படிக்கிற எனக்கே கஷ்டமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள்' என்று எழுத அடிபட்டிருக்க வேண்டியதில்லையே!

இன்று காலை அதே படத்துக்குக் கீழே இன்னொருவர் வந்திருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. எனக்கு முன்னால் உங்களில் யாராவது எழுதுங்கள்.