கீபோர்டு சாகவில்லை, கடைக்கு ஓடாதீர்கள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. அன்றிலிருந்து இங்கே மொரிஷியஸில் எனக்குத் தெரிந்த தமிழ் வாத்தியார்கள், கோவில் கமிட்டிக்காரர்கள், சங்கத்துச் செயலாளர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக விண்டோஸ் 11க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறிய மறுநாள் எனக்குப் போன் வரும். "அக்கா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, வயர்லெஸ் கீபோர்டுதான் வேலை செய்ய மாட்டேங்குது." கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கவுண்டரில் நிற்கும் பையன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "மிஸ், க்லாவ்யே-லா ஃபின் மோர்" என்று கிரியோலில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையப் புதுசு அடுக்கியிருக்கிறதே, எதற்குத் திருப்பிப் பார்க்க வேண்டும்?

எனக்கு இதில் ரொம்பக் கோபம். நேற்றுவரை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த கீபோர்டு, கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் மாறிய அதே ராத்திரியில் தானாகச் செத்துப்போனது என்றால் யார் நம்புவது? மாறியது கம்ப்யூட்டர். கீபோர்டு மேசைமேல் வைத்தபடியே இருக்கிறது. ஆனால் தண்டனை மட்டும் கீபோர்டுக்கு. கடைசியில் அது போய்ச் சேருகிற இடம் மார் ஷிகோஸ். தீவுக்கு இருக்கிற ஒரே குப்பைக் கிடங்கு அதுதான், அதுவும் நிரம்பி வழிகிறது.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம். ப்ளூடூத் கீபோர்டாக இருந்தால் கையில் இருக்கும் போனோடு இணைத்து வாட்ஸ்அப்பில் நாலு எழுத்து அடித்துப் பாருங்கள். டாங்கிள், அதாவது கீபோர்டின் சிக்னலை வாங்க யூஎஸ்பி துளையில் செருகும் துண்டு, வைத்ததாக இருந்தால் அந்தச் சின்ன டாங்கிளைப் பிடுங்கிப் பிள்ளையின் லேப்டாப்பில் செருகுங்கள். எழுத்து விழுந்தால் கீபோர்டு நலம். விழாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கப்புறம்தான் கடையைப் பற்றிய பேச்சே.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "வயர்லெஸ்" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, டாங்கிளும் ப்ளூடூத்தும் வேறு வேறு. டாங்கிள் கீபோர்டில் ஜோடி விவரம் அந்த டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகத்தான் தெரியும். அதனால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் பெரும்பாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ப்ளூடூத் அப்படியில்லை. ஜோடி சேர்ந்தபோது பரிமாறிக்கொண்ட சாவி விண்டோஸுக்குள் இருக்கிறது. வட்டைச் சுத்தமாக அழித்துப் புது விண்டோஸ் போட்டால் அந்தச் சாவி போயிற்று. கீபோர்டோ பழைய சாவியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பழையதின் மேலேயே அப்கிரேடு செய்தாலும், டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், மாறும்போது சில நேரம் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும், தொடர்பு இருக்காது. அப்போது செட்டிங்ஸில் அந்தப் பெயரை அடியோடு நீக்கிவிட்டு, கீபோர்டில் இருக்கும் ப்ளூடூத் பட்டனை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அதிலும் ஒரு இடத்தில் நம்மவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்கிறார்கள். திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைப் பார்த்துக்கொண்டு மவுஸால் எதையாவது அழுத்தத் தேடுவார்கள். அழுத்த ஒன்றும் இல்லை. அந்த எண்ணை, இணைக்கப் போகும் அதே கீபோர்டில் அடித்து என்டர் தட்ட வேண்டும். அடிப்பது எங்கேயும் தெரியாது என்பதால் "வேலை செய்யாத கீபோர்டில் எப்படி அடிக்கிறது?" என்று கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள், போதும்.

டாங்கிள்காரர்களுக்கு வேறொரு தொல்லை. எழுத்து விழும், ஆனால் விட்டுவிட்டு விழும். அப்கிரேடு செய்யும் முன்பு எல்லாவற்றையும் காப்பி எடுத்து வைக்கச் சொல்லி நானே எல்லோருக்கும் சொல்கிறேன். அவர்களும் வெளி ஹார்டு டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி 3 துளையில், டாங்கிளுக்குப் பக்கத்திலேயே செருகிவிடுகிறார்கள். வேலை முடிந்தும் பிடுங்குவதில்லை. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டது. டாங்கிள் பேசுவதும் அதே 2.4இல்தான். ஆக, விண்டோஸ் 11 மேல் விழுகிற பழி ஹார்டு டிஸ்க்குக்குச் சேர வேண்டியது. டாங்கிளை முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வையுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கீபோர்டு உறங்கிவிடுகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்பதைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். முன்பே எடுத்திருந்தாலும் டிரைவர் மாறியதும் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று, ஷட்டவுன் செய்து திறந்தேன் என்று சொல்லாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும்.

இதையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது போன தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் கோவில் அலுவலகத்தில் நடந்தது. காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பதிவு நடந்துகொண்டிருந்தது. செயலாளர் அண்ணனின் கீபோர்டு பிரான்சில் இருக்கும் மருமகன் கொண்டுவந்தது, அஸெர்ட்டி, அதாவது பிரெஞ்சு எழுத்து வரிசை கொண்டது. புது விண்டோஸ் போட்டுக்கொடுத்த பையன், விசையமைப்பு கேட்ட இடத்தில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்டு ஏறவில்லை. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரிகிறது, அண்ணன் கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தால் அவர் ஏ அடித்த இடத்திலெல்லாம் க்யூ நிற்கிறது. எம் அடித்த இடத்தில் செமிகோலன். உள்ளே போன பிறகு ஆங்கில எழுத்தை வைத்து "அம்மா" என்று அடித்துப் பார்த்தார். க்யூ, இரண்டு செமிகோலன், மறுபடி இரண்டு க்யூ. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

கீபோர்டு ஒரு எழுத்தைக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் அமைப்பு மாறும், மொழிப் பட்டியலில் பிரெஞ்சையும் தமிழையும் சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிற மொழிதான் கம்ப்யூட்டர் திறந்ததும் வரும். 1998இல் நம் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது தீவே அதிர்ந்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையைச் சரிசெய்து மறுபடி அச்சடித்தார்கள். அதே நாம், நம் சொந்த மேசையில் இருக்கிற பட்டியலில் தமிழ் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. அப்கிரேடு முடிந்ததும் பாருங்கள். சில கம்ப்யூட்டர்களில் தமிழே இருக்காது.

ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழ் அடிப்பவர்களுக்குத்தான் இந்தக் குழப்பமெல்லாம். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த தமிழ் 99 முறையில் விரல் இடத்தைத்தான் பார்க்கும், விசைமேல் அச்சடித்த எழுத்தை அல்ல. நடு வரிசையில் இடக்கைக்கு அ, இ, உ. வலக்கைக்கு க, ப, ம, த, ந. பிரெஞ்சு அஸெர்ட்டியோ ஆங்கில க்வெர்ட்டியோ, அதற்குக் கவலையில்லை. இரண்டும் கலந்து கிடக்கிற நம் தீவில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சக ஆசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று கேட்கும். தெரியாமல் சரி சொல்லிவிட்டால் வேகமாகத் தட்டும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கீபோர்டின்மேல் ஃபைலைச் சாய்த்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வயர்லெஸ் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நானே அதில்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது வேறு. அப்கிரேடு என்று கையை வைக்கும் முன்பு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் கீபோர்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில் ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் எடுபடாது. பாஸ்வேர்டு திரையிலாவது கீழே வலது மூலையில் ஒரு ஆள் படம் இருக்கும், அதற்குள் திரைக் கீபோர்டு உண்டு, மவுஸால் சமாளிக்கலாம். பயாஸில் அதுவும் இல்லை.

வயர் கீபோர்டும் சர்வரோக நிவாரணி அல்ல. அதே அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட்டால், ரிகவரி திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அசையாமல் போயின. வயர் உள்ளது, இல்லாதது என்ற வித்தியாசமே இல்லை. சாதாரணத் திரையில் எல்லாம் ஓடியது, பழுது பார்க்கப் போகிற இடத்தில் மட்டும் கை கட்டப்பட்டது. 20ஆம் தேதி அவசரத் திருத்தம் விட்டார்கள். அந்த வாரம் அந்தத் திரையில் நிம்மதியாக இருந்தவர்கள், பழைய வட்ட முனை பிஎஸ்/2 கீபோர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள். ஆகவே பெரிய அப்டேட் வந்த அன்றே பாயாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள்.

அப்கிரேடு செய்து கொடுத்துக் காசு வாங்குகிற தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையால் ஒரு வரி தமிழும் ஒரு வரி பிரெஞ்சும் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. செயலாளர் அண்ணன் மாதிரி ஆட்கள் பாதி நாளை அதில் தொலைக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் டாங்கிளா ப்ளூடூத்தா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "அக்கா, கீபோர்டு வேலை செய்யலை" என்று மட்டும் போட்டால் பதில் வராது.