ஃபியோடோராவின் தந்தை யார்?

ஜெர்மனியின் லைனிங்கன் அரச குடும்பத்து இளவரசி ஃபியோடோரா, விக்டோரியா மகாராணியின் அக்கா, அதனால் பிரிட்டிஷ் அரியணை அவருக்கே வந்திருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கா என்பது சரி. ஆனால் தாய்தான் ஒன்று, தந்தை வேறு. ஃபியோடோராவின் தந்தை லைனிங்கன் இளவரசர் எமிச் கார்ல், 1814இல் இறந்தார். அரியணை உரிமை வந்ததோ விக்டோரியாவின் தந்தை, பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் எட்வர்ட் வழியாக.

சரிபார்க்க மூன்று ஆண்டுகள் போதும், எந்த வம்சாவளிப் பட்டியலிலும் கிடைக்கும்: ஃபியோடோரா ஜெர்மனியின் அமோர்பாக்கில் பிறந்தது 1807, எட்வர்டுடன் தாயின் மறுமணம் 1818, விக்டோரியா பிறந்தது 1819.

அப்புறம், உரிமைதான் இல்லை, பாசம் நிறையவே இருந்தது. 1828இல் கென்சிங்டன் அரண்மனையில் ஃபியோடோராவுக்குக் கல்யாணம் நடந்தபோது மணத்தோழியாக நின்றவள் 8 வயது விக்டோரியா.