கொப்பி லெகோ றெயின் வாங்கலாமா? முதலில் சில்லைப் பாருங்கோ

கொப்பி லெகோவில், அதாவது லெகோ விளையாட்டுக் கட்டை மாதிரியே வேறு கம்பனிகள் செய்கிறதில், ஒரு வீடோ காரோ வாங்குகிறதும் றெயின் வாங்குகிறதும் ஒன்றில்லை. வீட்டைக் கட்டி முடித்தால் அது அலுமாரிக்கு மேலே போய் இருந்துவிடும். அதில் ஒரு கட்டை கொஞ்சம் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. றெயின் ஓடவேண்டும். ஓடுகிற சாமானில் அரை மில்லிமீற்றர் பிழை இருந்தாலும் முதலாவது வளைவிலேயே வெளியே தெரிந்துவிடும். அதனால் என்னுடைய நிலைப்பாடு இதுதான்: றெயின் பெட்டிகளின் உடம்புக்கு வேறு கம்பனிக் கட்டை தாராளமாகப் பாவிக்கலாம். சில்லு, தண்டவாளம், மோட்டர், பெட்டிகளை இணைக்கிற காந்தக் கொளுவி ஆகிய நாலிலும் மலிவு பார்க்கக் கூடாது. இன்னொருவரின் செற்றை அட்டைப்பெட்டிப் படத்தோடு அப்படியே அடித்து விற்கிறதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தை முதலில் பேசிவிடுவம். நாங்கள் "கொப்பி" என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுகிறோம். லெகோ கட்டையின் வடிவம் இன்றைக்கு ஒருவருக்கும் தனிச்சொத்து இல்லை. உள்ளே குழாய் வைத்த கட்டைக்கு அவர்கள் காப்புரிமை கேட்டது 1958 இல். அந்தக் காலம் முடிந்து கனகாலம். கட்டையின் வடிவத்தை வர்த்தகக் குறியாக வைத்திருக்க முடியாது என்று 2005 இல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்த்துவிட்டன. இன்னும் பின்னுக்குப் போனால், 1949 இல் லெகோ செய்த முதற் கட்டைகளே 1947 இல் இங்கிலாந்தில் வந்த கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தவைதான். ஆகவே போலந்தின் கோபி, சீனாவின் மோல்ட் கிங், ஸ்லுபான், காடா மாதிரிக் கம்பனிகள் தங்கள் பெயரில், தாங்கள் வரைந்த மொடலை விற்றால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

லெப்பின் என்ற சீனக் கம்பனி செய்தது வேறு. அது செற்றை, புத்தகத்தை, பெட்டிப் படத்தை எல்லாம் அப்படியே அடித்தது. 2019 இல் குவாங்டொங் மாகாணத்தில் பொலிசார் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். 2020 இல் தலையாளுக்கு 6 வருடச் சிறை. எங்கள் இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாணிப் பெட்டிகள் வேறு வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இன்னொரு களவு கண்ணுக்குத் தெரியாது: ஆர்வலர்கள் மாதக்கணக்கில் இருந்து வரைந்து இணையத்தில் போடுகிற றெயின் மொடல்களை, கேளாமல் எடுத்துச் செற்றாக்கி விற்கிறது. நல்ல பெயருள்ள சில கம்பனிகளின் பட்டியலிலும் இப்படியானவை கலந்து கிடக்கும். அட்டைப்பெட்டியில் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கோ. இல்லாவிட்டால் மொடலின் படத்தை இணையத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனிச் சில்லு. ஒறிஜினல் பெட்டிச் சில்லில் இரண்டு சில்லையும் ஒரு மெல்லிய இரும்பு அச்சு இணைக்கும். அது பிளாஸ்ரிக் தாங்கிக்குள் சுழலும். இரும்புக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இடையில் உராய்வு குறைவு. மலிவுச் செற்றில் அச்சும் பிளாஸ்ரிக், துளையும் பிளாஸ்ரிக். புதிதில் ஓடும், பிறகு துளை தேய்ந்து, தூசி ஏறி, இழுக்கத் தொடங்கும். நாலு பெட்டி கொளுவினால் எஞ்சின் திணறுகிறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், மோட்டர் அல்ல.

இதைச் சோதிக்க ஒரு வழி. நாலு நேர்த் தண்டவாளத்தை ஒரே வரியாகப் பூட்டுங்கோ. ஒவ்வொன்றும் 128 மில்லிமீற்றர், மொத்தம் 512. ஒரு பெட்டியை மேலே வைத்து, தண்டவாளத்தின் ஒரு நுனிக்குக் கீழே மெல்லிய லெகோத் தட்டுகளை ஒவ்வொன்றாக வையுங்கோ. ஒரு தட்டு 3.2 மில்லிமீற்றர், மூன்று தட்டுச் சேர்ந்தால் ஒரு கட்டை உயரம், 9.6. எத்தனையாவது தட்டில் பெட்டி தானாக உருளத் தொடங்குகிறது என்று எழுதுங்கோ. எல்லாப் பெட்டிக்கும் இதைச் செய்தால், மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தட்டுக் கேட்கிற பெட்டி எது என்று தெரியும். அதன் சில்லை மட்டும் மாற்றினால் போதும், முழுச் செற்றையும் எறியத் தேவையில்லை. மாற்றுமுன் அச்சைப் பாருங்கோ. எங்கள் ஊர் நிலத்து மணலும் தலைமுடியும் அச்சில் சுற்றிக்கிடக்கும், ஊசியால் எடுங்கோ. தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ. அது நாலு நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகும், தண்டவாளத்தில் பட்டால் எஞ்சின் சறுக்கும். பென்சில் கரியைத் தூளாக்கி அச்சில் தடவினால் போதும், பற்றரித் தகட்டில் படாமல்.

நீராவி எஞ்சின் மொடல் வாங்குகிறவர்கள் பெரிய சில்லுகளை ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. மூன்று சோடி வரிசையாக இருந்தால், நடுச் சோடிக்கு உள்விளிம்பு, அதாவது சில்லைத் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கிற விளிம்பு, இருக்கக் கூடாது. மூன்றுக்கும் விளிம்பு வைத்தால் வளைவில் நடுச்சில்லு எஞ்சினைத் தூக்கி வெளியே தள்ளும். படத்தை மட்டும் பார்த்து அடிக்கிற செற்றுகளில் இந்தப் பிழை இருக்கும். பிள்ளை தான்தான் பிழையாகக் கட்டிப்போட்டன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டும். அதுதான் எனக்கு மனம் பொறுக்காத இடம்.

தண்டவாளத்தில் ஒறிஜினல் அளவு இது: நேர்த் துண்டு 16 குமிழ் (கட்டையின் மேலே இருக்கிற பொட்டு) நீளம், வளைவுத் துண்டு ஒன்று 22.5 பாகை. ஆகவே முழு வட்டத்துக்கு 16 வளைவு. வட்டத்தின் வெளிவிட்டம் 704 மில்லிமீற்றர். இடையில் பக்கத்துக்கு இரண்டாக நாலு நேர்த்துண்டு சேர்த்தால் 960 க்கு 704 அளவில் நீள்வட்டம் வரும். பெட்டி வளைவில் வெளியே வீசுகிறதுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோ. கொப்பித் தண்டவாளம் வாங்கினால் 16 வளைவையும் பூட்டிப் பாருங்கோ. கடைசி மூட்டு அழுத்தாமல் தானாகச் சேரவேண்டும். ஒரு துண்டில் அரைப் பாகை பிழைத்தாலே 16 இல் 8 பாகை. வட்டம் மூடாது, அல்லது மூடுகிறதுக்கு முறுக்க வேண்டிவரும். முறுக்கின மூட்டில் படி விழும். விரல் நகத்தை மூட்டுக்கு மேலே இழுங்கோ. நகம் தடக்கினால் சில்லும் தடக்கும். பெரிய வளைவு வேண்டும் என்றால் போலந்தின் ட்ரிக்ஸ்பிரிக்ஸ், அமெரிக்காவின் பிரிக்ட்ராக்ஸ் செய்கிறவை இருக்கின்றன. இவையும் லெகோ அல்ல, ஆனால் கொப்பியும் அல்ல: லெகோவே செய்யாத அளவுகளை இவர்கள் செய்கிறார்கள்.

மோட்டரில் மட்டும் வேறு கம்பனிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. லெகோ றெயினின் மின்சாரத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றியது. 1991 இல் உலோகத் தண்டவாளத்தில் ஓடுகிற 9 வோல்ட், பிறகு பற்றரிப் பெட்டியும் அகச்சிவப்பு றிமோட்டும், 2018 இல் புளூடூத். பழையதை நிறுத்திவிட்டார்கள். பழைய முறைச் சாமான் வைத்திருக்கிறவருக்குப் புது மோட்டர் வேண்டும் என்றால் மற்றக் கம்பனிகளிடம்தான் போகவேண்டும். அவர்களில் பலர் அந்தப் பழைய அகச்சிவப்புக் கால வயர் முனையைத்தான் பின்பற்றுகிறார்கள். அதைப் புளூடூத் செற்றில் நேரே கொளுவ முடியாது. வாங்குமுன் உங்களிடம் இருக்கிற முனையைப் படமெடுத்துக்கொண்டு போங்கோ. அகச்சிவப்பு றிமோட் விறாந்தை வெயிலில் சரியாக வேலை செய்யாது. மோட்டர் பழுது என்று கடைக்குக் கொண்டு ஓடாமல், முதலில் அறைக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கோ.

ஒறிஜினல் புளூடூத் பற்றரிப் பெட்டிக்கு மூன்று-ஏ (AAA) பற்றரி 6 வேண்டும். சாதாரண பற்றரி ஒன்று 1.5 வோல்ட், ஆறும் 9. திரும்பச் சார்ஜ் செய்கிறது ஒன்று 1.2, ஆறும் 7.2. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் செலவைப் பார்த்தால் அதுதான் புத்தி. பற்றரியை உள்ளே விட்டு மாதக்கணக்கில் வைக்காதேங்கோ. வெள்ளைப் பொருக்குக் கக்கியிருந்தால் பஞ்சில் இரண்டு துளி தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் பாவியுங்கோ. அந்தப் பொருக்குக் காரம், புளி அதை முறிக்கும். கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்புக் காற்றால் பற்றரித் தகடும், பழைய 9 வோல்ட் உலோகத் தண்டவாளமும் கறுக்கும், மூடின பெட்டிக்குள் வையுங்கோ. மற்றக் கம்பனிச் செற்றுகளில் பல லித்தியம் பற்றரியோடு வரும். அதைச் சீமெந்து நிலத்தில் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கோ. இரவில் வேண்டாம். உப்பின பற்றரியைத் தொடர்ந்து பாவிக்கவே கூடாது.

எஞ்சின் சில்லு சுற்றுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் மோட்டருக்கு நேர்மேலே பாரம் போதாது. சில்லைச் சுற்றியிருக்கிற றப்பர் வளையத்தைத் துடையுங்கோ. மோட்டருக்கு மேலே நாலைந்து இரும்பு நட்டை வைத்துக் கட்டுங்கோ.

காந்தக் கொளுவியில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஒறிஜினலில் காந்தம் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். மலிவுச் செற்றில் பசையால் ஒட்டியிருக்கும், சூட்டில் பசை விடும். சின்னப் பிள்ளை இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்பில் இருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் உள்ள குடற்சுவரை நெரித்து ஓட்டை போடும். முதலில் ஒன்றும் தெரியாது, சும்மா வயிற்றுவலி மாதிரி இருக்கும். வாங்கின அன்றே ஒவ்வொரு கொளுவியையும் கத்தியின் தட்டைப் பக்கத்தில் ஒட்டி இழுங்கோ. காந்தம் கத்தியோடு வந்தால் அந்தக் கொளுவிகள் முழுவதையும் எறியுங்கோ. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வீட்டுக் கைமருந்து பாராமல், சாப்பிடக் கொடுக்காமல் நேரே பெரியாஸ்பத்திரி.

உடம்புக் கட்டையில் தாராளம் காட்டலாம் என்று சொன்னேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டல்ல. இரண்டு கட்டையை ஒரே ஒரு குமிழில் பூட்டித் தூக்குங்கோ, விழாமல் நிற்கவேண்டும். மற்றப் பக்கம், கழற்றப் பல் தேவைப்படுகிற இறுக்கமும் கூடாது. பெட்டியின் அடித்தட்டைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கோ. ஆடினால் அது வளைந்த தட்டு, எல்லாச் சில்லும் ஒரே நேரம் தண்டவாளத்தில் படாது. ஒரே தட்டு இல்லாமல் துண்டுகளால் அடித்தளம் போடுவது என்றால், மேசன் கல் வைக்கிற மாதிரி மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் இரண்டு அடுக்கு. திறந்தவுடன் மூக்கில் குத்துகிற மணம் அடித்தால் திருப்பிக் கொடுங்கோ. ஒறிஜினல் எல்லாம் குறையில்லாதது என்றும் நினைக்க வேண்டாம்: பழைய பாவித்த லெகோவில் மண்ணிறமும் கடுஞ்சிவப்பும் கழற்றும்போது வெடிக்கும், அது பலரும் அறிந்த குறை. அந்த இரண்டு நிறத்துக்கு நல்ல வேறு கம்பனிக் கட்டையே மேல் என்பேன்.

வேறு கம்பனிக் கட்டைக்கு இங்கே ஒரு உண்மையான வேலையும் இருக்கிறது. யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கி, 1990 இல் நின்று, 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த கோச்சி. அதைக் கடையில் செற்றாக வாங்குகிறதைவிட நாங்களே கட்டவேண்டும். எங்கள் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், லெகோ தண்டவாளத்தின் உள்ளகலம் 37.5. வகுத்தால் ஏறக்குறைய 45 இல் ஒன்று. அந்த அளவில் 6 குமிழ் அகலப் பெட்டி நிசத்தில் 2.1 மீற்றர்தான், எங்கள் அகலப் பாதைக்கு ஒடுக்கம். 8 குமிழ் போட்டால் 2.9 மீற்றர், அதுதான் பார்க்கச் சரியாக இருக்கும். நீளம் 28 குமிழுக்கு மேல் போகவேண்டாம், சின்ன வளைவில் நடுப்பகுதி உள்ளே வெட்டும். பூட்டும் வரிசைக்கு லெகோவின் பயணிகள் றெயின் கைநூலைப் பாருங்கோ. அதை அவர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்களிடம் முழுச் செற் கேட்காதேங்கோ, பெட்டியும் படமும் சூட்கேசில் பாதி இடத்தைப் பிடிக்கும். பாவித்த சாமான் விற்கிற பிரிக்லிங்க்கில் அவர்களின் முகவரிக்கு இதை மட்டும் எடுப்பியுங்கோ: 16 வளைவு, 4 நேர்த்துண்டு, ஒரு மோட்டர், அதற்குப் பொருந்துகிற பற்றரிப் பெட்டியும் றிமோட்டும், பெட்டி ஒன்றுக்கு இரும்பு அச்சுச் சில்லு நாலு சோடியும் காந்தக் கொளுவி இரண்டும். எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி உடுப்புக்குள் வரும். தனி லித்தியம் பற்றரி இருந்தால் அது கைப்பையில்.