வெயிலுக்கு டயர் காற்றைக் குறைக்கச் சொல்லும் ஃபார்வர்டு தவறு

"வெயில் காலத்தில் டயர் வெடிக்காமலிருக்க 5 பிஎஸ்ஐ குறைத்து அடியுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மை நேர் எதிர். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்ந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் உள்ளடுக்குகள் விட்டுப்போய் டயர் வெடிக்கிறது. ஓட்டத்தில் 4, 5 பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு, தயாரிப்பாளர் சொல்லும் அளவிலேயே அதற்கு இடம் உண்டு. சூடான டயரில் காற்றை இறக்கினால் ஆறியதும் அளவு குறைந்துவிடும்.

சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், கையேட்டிலும் பார்க்கலாம். (டயரின் மேலேயே அச்சான எண் உச்ச வரம்பு. அதைப் பார்த்து அடிப்பது வேறொரு தப்பு.) வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகு அளந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.