தடுப்புச் சுவரில் ஓட்டை விட்டால் பலம் போய்விடுமா?

‘மலையடிவார வீட்டுத் தடுப்புச் சுவரில் ஓட்டையே கூடாது, பூசி அடைத்துவிடுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் சுற்றுகிறது. தவறு.

சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, ஐப்பசி மழையில் அதன் பின்னால் தேங்கும் தண்ணீரும்தான். 2 மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே சுமார் 2 டன் விசையோடு தள்ளும். எந்தப் பூச்சு தாங்கும்?

அந்தத் தண்ணீர் வெளியேற, சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பிவிசி பைப், வெளிப்பக்கம் சற்றே சரிவாக வையுங்கள். பின்னால் ஜல்லி. மேஸ்திரிகள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த ஜல்லியில்தான்! ஓட்டை வழியே மண் கரைந்து போகும் என்ற பயம் நியாயமே. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி விரித்தால் சரி. அப்புறமும் பைப்பில் கலங்கல் தண்ணீர் தொடர்ந்து வந்தால், துணி எங்கோ விலகியிருக்கிறது.